மாட்டுங்க என்றுதான் சொன்னேன்

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, காரிலிருந்து தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இனி நான் வரல."

தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா காதில் விழாதவர்போல் ஃபேனைப் போடப் போனார். நான்தான் கேட்டேன். "எங்க வரல?"

"உன் காருலதான். அந்த மிஷின்ல படுக்கது ஒண்ணுமே இல்லட்டி. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிருது. போற வழியும் வாற வழியும்தான் உசுர எடுக்கு. கட்டி கொல்லட்டும், அது அதுபாட்டுக்குக் கொல்லட்டும். ரோடு கொல்லாண்டாம்."

அம்மாவுக்கு முதுகெலும்பில் கட்டி. ரேடியேஷன் பாதி முடிந்திருந்தது. மீதியை விட்டால் எடுத்ததும் வீண் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கால்கள் அப்போதே மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. நிறுத்தினால் நடை போகும். அதற்கப்புறம் என்ன போகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உட்கார முடியாது. அதனால் எங்கள் பழைய சின்னக் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து பின் சீட்டு வரைக்கும் பலகை போட்டு, மேலே மெத்தை விரித்திருந்தோம். தலை பின்பக்கம், கால் முன்பக்கம். டாக்சியில் இப்படி முடியாது. ஆம்புலன்சில் ஒரு தடவை போய்ப் பார்த்தோம்; உள்ளே கட்டில் இருக்கிறதே தவிர அடியில் அது வெறும் வேன்தான், அம்மா பாதி வழியில் மயங்கிவிட்டாள். ஆக, இந்தக் கார் ஒன்றுதான் வழி.

கரமனையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எங்கெங்கே கட்டர், எங்கெங்கே ஹம்ப் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கட்டர் என்றால் திருவனந்தபுரத்தில் ரோட்டுக் குழி, ஹம்ப் என்றால் வேகத்தடை. ஒவ்வொரு கட்டரிலும் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் பெரிய சத்தம், பின்னாலேயே சின்னச் சின்னதாய் இன்னும் சில. அந்தச் சின்னச் சத்தங்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க யாரோ எங்கேயோ வண்டியைப் பிரித்துப் போடுகிற வீடியோக்கள்தான் பார்ப்பேன். ஆயில் மாற்றுவேன், பிரேக் பேட் மாற்றுவேன், ஆபீசில் யார் கார் மக்கர் செய்தாலும் முதல் ஆளாய் பானெட்டைத் தூக்குவேன். அப்படிப்பட்ட எனக்கு, என் தாயார் படுத்துவரும் வண்டி எதற்காக ஒரு குழிக்கு நாலு தடவை ஆடுகிறது என்று தோன்றவில்லை.

அம்மா "வரல" என்ற பிறகு வெளியே வந்தேன். போர்ச்சில் நின்ற காரின் டிக்கியை இரண்டு கையாலும் அழுத்திவிட்டேன். ஒரு ஆட்டத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை; கட்டுமரம் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கியது. குனிந்து பின்சக்கரத்துக்குள் கைவிட்டேன். விரல் முழுக்க எண்ணெய்.

பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. குழியில் விழும் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை ஆடி ஆடித்தான் தீர்க்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. எங்கள் வண்டியில் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அந்த ஆட்டத்துக்கு நேர் மேலே அம்மாவின் முதுகு.

உள்ளே ஓடினேன். "அம்மா, ரோடு இல்ல. ஷாக்கு. ஷாக்கு போயிருக்கு. மாத்திடுறேன். திங்கக்கெழமைக்குள்ள மாத்திடுறேன். ஒரே ஒரு தடவ ஏறிப் பாரு. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் வாயத் திறக்கல."

அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "பாப்போம்," என்றாள்.

ஓணத்துக்கு இரண்டு நாள் மிஷின் ஓடாது. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள்கிழமை போயாக வேண்டும். ஒர்க்ஷாப்புக்குப் போன் செய்தேன். "ஓணம் கழிஞ்ஞு வா" என்றார்கள். அடுத்த ஒர்க்ஷாப்பிலும் அதே பதில், அதற்கடுத்ததில் போனையே எடுக்கவில்லை. உத்திராடப் பாய்ச்சல் என்று இங்கே அதற்கொரு பெயர் உண்டு: திருவோணத்துக்கு முந்தைய மாலை, ஊர் முழுக்கக் காய்கறிக்கும் வாழையிலைக்கும் புதுத்துணிக்கும் ஓடும். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தி ஷாக்குக்கு ஓடினேன். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, கடைக்காரர் "மோளே, ஓணமாணு" என்று அலுத்துக்கொள்ள அலுத்துக்கொள்ள, ஒரு ஜோடியை வாங்கி மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா திருநெல்வேலியிலிருந்து இளவயதில் வந்து சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்பவர். எந்தப் பொருளையும் மடித்து வைப்பார். எதையும் பிரிக்க மாட்டார்.

"பிள்ள, ஒரு ஆள வெச்சுப் பண்ணுவோம்."

"எந்த ஆளப்பா? எல்லாரும் ஓணச்சத்யை சாப்பிடப் போயாச்சு."

"கழட்டிட்டு மாட்டத் தெரியலன்னா?"

"கொழப்பமில்லப்பா." பிரச்னை இல்லை என்று அர்த்தம்; எங்கள் வீட்டில் என் தமிழ் இப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஏறிக்கொண்ட மலையாளம் இறங்கவே இல்லை.

திருவோணத்தன்று மேலே வீட்டுக்காரர் வீட்டில் பப்படம் பொரியும் வாசம் வரும்போது நான் காருக்கடியில் கிடந்தேன். முன்சக்கரங்களுக்கு முட்டு வைத்து, ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். அதுவரை வீடியோவில் பார்த்தது மாதிரியே போயிற்று. அப்புறம் வீடியோவில் இல்லாதது வந்தது. இங்கே கடற்காற்று இரும்பைத் தின்னும். ஷாக்கின் கீழ் போல்ட், போல்ட்டாகவே இல்லை; பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. துருவுக்கு ஸ்பிரே அடித்தேன், காத்திருந்தேன், ஸ்பேனருக்கு மேல் பைப்பைச் செருகித் தொங்கினேன். அசையவில்லை. இன்னும் அடித்தேன், இன்னும் தொங்கினேன். போல்ட் முனை மழுங்கினால் கதை முடிந்தது. இந்த விடுமுறையில் அதை வெட்டி எடுக்க ஆள் கிடைக்காது. உள்ளே அம்மா புரண்டு படுக்க அப்பா உதவுகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நான் பைப்பில் இன்னும் கொஞ்சம் எடை போட்டேன்.

"எந்தரு மோளே இது? திருவோணமாயிட்டு!"

வீட்டுக்காரர். நாங்கள் அங்கிள் என்போம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க சத்தமான இடத்தில் வேலை பார்த்ததால் எதையும் ஒரு தடவை சொன்னால் போதும், உடனே செய்துவிடுவார்; இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் நகர்ந்துவிடும் என்பார். கசவு வேட்டியை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவரும் நானுமாகப் பைப்பில் தொங்கினோம். பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தத்துடன் போல்ட் சுழன்றது. அங்கிள் "போட்டே! ரைட்!" என்று கத்தினார். உள்ளிருந்து அம்மா, "யாரு அது, பஸ்ஸா?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் இடதுபக்கப் பழைய ஷாக் வெளியே வந்து, புதியது உள்ளே போயிற்று. கீழ் முனையை அச்சில் போல்ட் போட்டேன். மேல் முனையின் தண்டு டிக்கிக்குள் ஓர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். அதன் தலையில் ஒரு நட்டை இறுக்க வேண்டும். நட்டைத் திருகினால் தண்டும் கூடவே சுற்றியது. தண்டின் நுனியைப் பிடித்து நிறுத்தச் சின்ன ஸ்பேனர் வேண்டும், என்னிடம் அந்த அளவு இல்லை. விரலால் இரண்டு சுற்று மட்டும் சுற்றிவிட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் அது ஞாபகத்தில் இல்லை. வலதுபக்கம் முடிந்தால் வேலை முடிந்தது என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது. இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் பின் அச்சு கீழே தொங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இந்த இரண்டு ஷாக்குகள்தான். ஒரு பக்கத்தை முழுசாக முடிக்காமல் மறுபக்கத்தைத் தொடக்கூடாது. எல்லா வீடியோவிலும் சொல்லுவார்கள். நானே ஆபீசில் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வலதுபக்கப் பழைய ஷாக் சீக்கிரமே வந்துவிட்டது. அச்சுக்கு அடியில் ஜாக்கி மட்டும். அங்கிள் திறந்த டிக்கிக்குள் குனிந்து நின்றார். நான் வலதுபுறம் மல்லாந்து கிடந்தேன். எங்களுக்குள் பேச்செல்லாம் மலையாளம். புது ஷாக்கை மேலே தள்ளினேன்.

"தண்டு வந்நோ அங்கிள்?"

"வந்நு, வந்நு!"

"நட்டு இட்டோளூ."

"இட்டு மோளே!"

மேல்முனை உட்கார்ந்தது. கீழ்முனை ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. புது ஷாக் முழு நீளத்துக்கு விரிந்து நின்றது. அச்சு இன்னும் கொஞ்சம் இறங்கினால் சரியாக இருக்கும். ஜாக்கியின் திருகை லேசாகத் தளர்த்தினேன். அச்சு மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஓட்டைகள் நெருங்கின. ஒரு கையால் ஷாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போல்ட்டை எடுத்தேன். அந்த நேரத்தில்தான் இடதுபக்க மேல் நட்டு ஞாபகம் வந்தது. இரண்டே சுற்று. அச்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையிலும் ஷாக்கும் போல்ட்டும்; ஜாக்கித் திருகைத் திரும்ப இறுக்கக் கை இல்லை.

கத்தினேன். "அங்கிள், இடது நட்டு! மாட்டுங்க! மாட்டுங்க!"

அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அதுதான் அவர் சுபாவம். மேலிருந்து பெருமையாக ஒரு குரல் வந்தது.

"மாற்றி மோளே, இதா!"

நட்டு அவர் கையில் இருந்தது.

அடுத்து நடந்ததை நான் சத்தங்களாகத்தான் சொல்ல முடியும். இடது பக்கத்தில் ஏதோ நழுவியது. அச்சு ஒருக்களித்து விழுந்தது. ஜாக்கி சாய்ந்து என் முன்கையில் இடித்துவிட்டுப் போயிற்று. இடது ஸ்பிரிங் தன் இடத்தைவிட்டுக் கழன்று, வெளியே உருண்டு, முற்றத்தில் அங்கிளின் பேத்திகள் கோலமாகப் போட்டிருந்த பூக்களத்தின் மேல் ஏறி அப்படியே சாய்ந்தது. கார் ஒரு தடவை அசைந்தது. ஸ்டாண்டுகள் நின்றன. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஏட்டி!"

அம்மா. வலியில் வரும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு.

"ஏட்டி! ஏட்டி! பேசு! ஏங்க, போய்ப் பாருங்க! பிள்ள பேச மாட்டேங்கா!"

பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூச்சு வரவில்லை. அப்பா வந்து என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். துணி மடிக்கும் கைகளில் அவ்வளவு பலம் இருக்கும் என்று தெரியாது. வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தபோது இடதுசக்கரத்துப் பக்கம் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. தொட்டு மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில். அச்சு விழுந்த இழுப்பில் பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது.

ஷாக் இல்லாமல்கூட இந்தக் காரை ஓட்டலாம். பிரேக் இல்லாமல் முடியாது. காலை வரைக்கும் அது மோசமான கார். இப்போது அது காரே இல்லை. நான்தான் அப்படி ஆக்கினேன், ஊரில் ஒரு கடையும் திறக்காத நாளில்.

உள்ளே போனேன். அம்மாவின் முகம் நனைந்திருந்தது. என் கையைப் பிடித்து, வீங்கிய இடத்தை அழுத்திப் பார்த்தாள், எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"போதும். எனக்குப் பண்ணுதேன்னு நீ போய்ச் சேராண்டாம். திங்கக்கெழமையும் இல்ல, செவ்வாக்கெழமையும் இல்ல. நான் வரல. எழுதி வேணா தாரேன்."

வாசலில் அங்கிள் நின்றார். அந்த நட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சத்யமாயிட்டும், மோளு மாற்றான் பறஞ்ஞு. ஞான் மாற்றி."

"நான் மாற்றச் சொல்லல! மாட்டுங்கன்னுதான் சொன்னேன்!" கத்தினேன். அங்கிள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

 பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "எந்த பாஷையில சொன்ன?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையிலிருந்து மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவள், உயிர் பயத்தில் தமிழுக்கு வந்திருக்கிறேன். தமிழில் மாட்டு என்றால் சேர்த்துப் பொருத்து. மலையாளத்தில் மாற்று என்றால் எடுத்துவிடு. எழுதினால் இரண்டும் வேறு வேறு. காருக்கடியிலிருந்து அலறினால் இரண்டும் ஒரே சத்தம். அதுவரை "இட்டோளூ" என்று மலையாளம் பேசிய வாயிலிருந்து அடுத்து வருவது தமிழ் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

"அவரு சொன்னதத்தான் செஞ்சிருக்காரு," என்றாள் அம்மா. அவள் உதடு கோணியது. "பள்ளிக்கூடத்துல மலையாளம். ஆபீசுல இங்கிலீசு. சாவப்போற நேரத்துக்கு மட்டும் தமிழாட்டி உனக்கு?"

அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு முதுகில் போய்க் குத்த, "அய்யோ, அம்மா" என்று அலறினாள், அலறிக்கொண்டே இன்னும் சிரித்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கிளுக்கு ஒன்றும் புரியாமல் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கி, மூச்சு சமமானதும், அம்மா சொன்னாள். "ஆனாலும் வரல."

சனிக்கிழமை நாலாம் ஓணம். காருக்கடியில் மறுபடி போனேன். அப்பா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், நான் எதைத் தொட்டாலும் "அது எதுக்கு?" என்று கேட்டார். பூக்களத்தின் செவ்வந்தி இதழ்கள் ஒட்டிய ஸ்பிரிங்கைத் துடைத்து அதன் இடத்தில் உட்கார வைத்து, ஜாக்கியால் அச்சை ஏற்றி, இடது நட்டை முதலில் முடித்தேன். அங்கிள் தன் வீட்டையே கவிழ்த்துத் தேடிக் கொண்டுவந்த சின்ன ஸ்பேனரால் தண்டைப் பிடித்துக்கொண்டு, அசைய முடியாதவரை இறுக்கினேன். பிறகு வலது. மத்தியானத்துக்குள் இரண்டு ஷாக்கும் ஏறிவிட்டன. ஹோஸ் மட்டும் கிழிந்து தொங்கியது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஆபீஸ் குரூப்பில் கேட்டேன். ஒருவர் டேப் சுற்றச் சொன்னார். பிரேக் ஹோசுக்கு டேப். அம்மாவை வைத்துக்கொண்டு. போனைத் தூக்கி எறியப் போய், அதுவும் உடைந்தால் என்ன செய்வது என்று கீழே வைத்தேன். திங்கள் காலை கடை திறந்தால்தான் உண்டு. ஆஸ்பத்திரியில் எங்கள் முறை காலையில். போன் செய்து கெஞ்சினேன். "மூணு மணிக்கு முன்பு வந்நால் நோக்காம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். வருவேன் என்று சொன்னேன். வண்டி இல்லை, வரச் சம்மதமில்லாத நோயாளி. வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் தாங்க முடியாத நாள். அம்மாவுக்குக் காலையில் இடது பாதம் இருப்பதே தெரியவில்லை. அப்பா விரலால் சுண்டினார். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "இல்லங்கேன்லா." இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் போர்ச்சுக்குப் போய், சக்கரமில்லாமல் ஸ்டாண்டில் நின்ற காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ள, விட்டுருவோமா? அவ கேக்கது ஒண்ணும் பெரிசு இல்லயே. வலி வேண்டாங்கா. அவ்ளோதான்."

"நடக்க முடியாமப் போகும்ப்பா."

"இப்பமும் எங்க நடக்கா?"

"அதுக்கு மேல ஏறும்ப்பா. கால்ல நிக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சா பின்னே எப்படி விடச் சொல்றீங்க?" என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது. "நட்டையே என்னால ஒழுங்கா மாட்ட முடியல. சரி. எனக்கு ஒண்ணுமே தெரியாது. சரி. அதுக்காக அம்மாவ விட்டுருவோமா? அவங்களுக்கு வலிச்சா நான் மெதுவாப் போறேன். இன்னும் மெதுவாப் போறேன். நடந்து போற வேகத்துல போறேன். விட முடியாதுப்பா. எனக்கு விட முடியாது."

அப்பா என் வாயைப் பொத்தினார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே ஃபேன் சத்தம் மட்டும். 

திங்கள் காலை கடைக்காரர் வருவதற்கு முன்னாலேயே ஷட்டர் முன் நின்றேன். கிழிந்த ஹோசை எடுத்துப் போயிருந்தேன், வாயால் சொல்லி இன்னொரு தடவை ஏமாற வேண்டாம் என்று. அவர் வாங்கி ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் கேட்காமல் புதியதைக் கொடுத்தார்.

ஹோசை மாட்டுவது சுலபம். அதற்குப் பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் சின்ன வால்வைத் திறந்து, எண்ணெயோடு காற்று வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அப்பா டிரைவர் சீட்டில் ஏறினார். அவர் வாழ்க்கையில் அந்த சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மிதிங்கப்பா... பிடிங்க."

"என்னது?"

"பிடிங்க, பிடிங்க! விடாதீங்க!"

"எதப் பிடிக்க? ஸ்டீரிங்கயா?"

காற்று திரும்ப உள்ளே போனது. மறுபடி. பின்சக்கரத்துக்கும் முன்சீட்டுக்கும் நடுவே என் குரல் போய்ச் சேரவில்லை. வெளியே ரோட்டில் ஓணம் முடிந்து திரும்பும் ஊர் முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் தப்பியது.

அப்போது ஜன்னலிலிருந்து அம்மா குரல். அவள் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான், காரின் நடுப்பகுதிக்கு நேராக.

"ஏங்க, கால அமுக்கிட்டு அப்படியே வெச்சுக்கிடச் சொல்லுதா. நான் எடுங்கன்னு சொன்னாத்தான் எடுக்கணும். வேற யாரு சொன்னாலும் எடுக்காண்டாம்."

"சரி," என்றார் அப்பா.

"ஏட்டி, நீ என்கிட்ட சொல்லு. ஒரு பாஷையில சொல்லு."

"மிதிக்கச் சொல்லும்மா!"

"மிதிங்க. ம். வெச்சுக்கிடுங்க."

வால்வைத் திறந்தேன். எண்ணெயோடு குமிழ்கள் பாட்டிலுக்குள் வந்தன. மூடினேன். "விடலாம்!"

"எடுங்க."

மூவரும் அப்படியே செய்துகொண்டிருந்தோம். குமிழ்கள் சின்னதாகி, குறைந்து, நின்றன. பெடல் கல் மாதிரி ஆனது. நான் சக்கரங்களைப் பூட்டி, வண்டியை இறக்கி, அது தன் காலில் நிற்கும்போது ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கினேன். தெருமுனை வரை ஓட்டி, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன். நின்றது. ஒவ்வொரு தடவையும் நின்றது.

கை கழுவாமல் உள்ளே போனேன்.  கேட்டால் மாட்டேன் என்பாள். கேட்காமல் தூக்கவும் முடியாது. வாசலிலேயே நின்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அந்த நீலச் சேலைய எடுங்க. இவ கை பட்டு அழுக்காவும், பழசே போதும்."

அங்கிளும் அப்பாவும் நானுமாக அவளைப் பலகையோடு தூக்கி வைத்தோம். அங்கிள் கதவைச் சாத்திவிட்டு, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். கண்டக்டர் கொடுக்கிற டபுள் பெல். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கரமனைப் பாலத்துக்கு முன்னால் முதல் கட்டர். விலகிப் போக இடம் கிடையாது; ஒருபக்கம் பஸ், ஒருபக்கம் ஸ்கூட்டர். மெல்ல இறக்கினேன். பின்சக்கரம் விழுந்தது. அம்மா சத்தம் போட்டாள். பெரிய சத்தம்தான். என் தோள்கள் தாமாகவே மேலே ஏறி, அடுத்து வரப்போகிற சின்னச் சத்தங்களுக்காகக் காத்திருந்தன. அப்பா பின்னால் அவள் தோளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

வரவில்லை.

வண்டி விழுந்தது, எழுந்தது, நின்றது. அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏட்டி."

"என்னம்மா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அதற்கப்புறமும் வலித்தது. ஹம்ப் ஒவ்வொன்றிலும் வலித்தது. பல்லைக் கடித்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. இடது பாதம் இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியுமா, தெரியாமலே போகுமா என்பதை எந்த ஷாக்காலும் சொல்ல முடியாது. நான் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன். குழி இல்லாத இடத்திலும் குழி இருப்பதுபோல் ஓட்டினேன். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, தலையை வெளியே நீட்டி, என்னை என் பள்ளிக்கூட பாஷையில் திட்டிவிட்டுப் போனார்.

"மணி என்ன?" என்றாள் அம்மா.

அப்பா சொன்னார்.

"மூணு மணிக்குள்ள போகணும்னுதானே ஆஸ்பத்திரியில சொன்னாங்க? இவ ஓட்டுத ஓட்டுக்கு நாளைக்குத்தான் போய்ச் சேரணும். ஏட்டி, மிதி."

"வலிக்கும்மா."

"வலிக்கத்தான் செய்யும். மிதிட்டி."

மிதித்தேன்.